மூன்று வாளி வெந்நீர்

ஜனவரி 19, ஞாயிறு

பூச்சி,

உரக்கடைக்காரர் இந்த வருஷமும் டைரி கொடுத்துவிட்டார். போன வருஷத்து டைரியும் அதற்கு முந்தினதும் அலமாரியில் வெறுமையாகக் கிடக்கின்றன. “எழுதுங்க மதினி, அஞ்சாப்பு படிச்சவுக எழுதக் கூடாதுன்னு சட்டமா இருக்கு?” என்று வருஷா வருஷம் கேட்பாய். எழுத என்ன இருந்தது? சாயங்காலம் நீ பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் அன்றைக்கு நடந்ததையெல்லாம் உன்னிடம் சொல்லித் தீர்த்துவிடுவேன்.

இப்போதும் சாயங்காலம் பஸ் வருகிறது. நிற்கிறது. போகிறது. சொல்ல வேண்டியது வாயிலேயே நிற்கிறது. அதனால் எழுதுகிறேன்.

சுகந்தி இன்று காலை ஒட்டன்சத்திரத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். உன் காரியம் முடிந்தும் எனக்காகக் கூட இருந்தாள், பாவம், அவளுக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் இருக்கிறதல்லவா. பஸ் ஏறும்வரை “வந்துரும்மா, வந்துரும்மா” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

செவலைக் கோழியைக் கீழ்த்தெரு நாய் பிடித்துக்கொண்டு போய்விட்டது. இதுதான் இன்றைய செய்தி.

ஜனவரி 20, திங்கள்

வெந்நீர் அடுப்பை இன்றுதான் முதல் தடவையாக நான் பற்றவைத்தேன். சிரிக்காதே. சுகந்தி இருந்தவரை கேஸில் குண்டான் வைத்துக் காய்ச்சிக் கொடுத்தாள். அதற்கு முன்பு எல்லாம் நீதானே. குளியலறை மூலையில் சிமெண்டு வைத்துப் பதித்த அந்தச் செம்புத் தவலைக்குள் நான் எட்டிப் பார்த்ததுகூடக் கிடையாது. நான் உள்ளே போகும்போது மூன்று வாளியும் விளாவி வரிசையாக நிற்கும். நீ முழங்கையை விட்டுப் பார்த்து, “இப்பப் போங்க மதினி, ஆறிரும்” என்பாய். நான் போவேன்.

கண்ணெல்லாம் புகை. வெளியிலிருந்து பார்த்தால் தவலை எத்தனை பெரிதாக இருக்கிறது! ஒரு வாளித் தண்ணீரும் மேலே கொஞ்சமும் ஊற்றியதற்கே ததும்பிவிட்டது. சிமெண்டுதான் பெரிது போலிருக்கிறது. நன்றாகக் கொதித்தபின் பச்சைத்தண்ணீர் கலந்து மூன்று வாளி விளாவினேன். அதற்கே மொண்ட செம்பு தவலை அடியில் உரசிவிட்டது. சொட்டு மிச்சமில்லை.

நான் ஒருத்தி குளித்ததற்கே இப்படி. இதே தவலையில்தான் எனக்குப் பிறகு நீயும் குளிப்பாய். “எனக்கு இருக்கு மதினி” என்பாய். அது என்ன கைப்பக்குவமோ, எனக்கு வரவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

இன்றும் அப்படியேதான். தவலை ஒழுகுகிறதோ என்று சந்தேகம் வந்து அடுப்புச் சாம்பலைக் கிண்டிப் பார்த்தேன். பொடியாக உலர்ந்து கிடக்கிறது, ஒழுகவில்லை. பக்கத்து வீட்டுக் குருவம்மா மதில்மேல் எட்டிப் பார்த்து, “புதுசாக் குடித்தனம் வந்த பொண்ணு மாதிரி சாம்பல நோண்டிக்கிட்டு இருக்கியேக்கா” என்று சிரித்தாள்.

ஜனவரி 23, வியாழன்

விறகுக் கட்டோடு படியில் சறுக்கிவிட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை, முழங்கால் வீங்கியிருக்கிறது. ஆனால் குருவம்மா வாய் சும்மா இருக்குமா? மத்தியானத்துக்குள் சுகந்திக்குப் போன் போய்விட்டது.

“இந்த வயசுல நீ விறகு தூக்கி வெந்நி போட்டுக் குளிக்கணுமா?” என்று பிடித்துக்கொண்டாள். “அத்தை இருந்துச்சு, நானும் பேசாம இருந்தேன். இப்ப யாரு இருக்கா?”

“குளிக்காம இருக்கச் சொல்றியாடி? இந்தக் குளிருல பச்சத்தண்ணி மேல பட்டா மூட்டு மூட்டாப் பிடிச்சுக்கும்.”

“அதான் சொல்றேன். மாடியில சோலார் போட்டுக்க. கரண்டு போனாலும் வெந்நி வரும். இல்லையா, வீட்டப் பூட்டிட்டு இங்க வா. மாசி பொறக்குறதுக்குள்ள ரெண்டுல ஒண்ணு சொல்லு. சொல்லலேன்னா நானே வந்து பூட்டிட்டு உன்னக் கூட்டிட்டுப் போயிருவேன்.”

அவள் செய்தாலும் செய்வாள்.

நான் எங்கேயும் போகவில்லை பூச்சி. சுகந்திக்கு இது அப்பா வீடு, அவ்வளவுதான். உன் அண்ணன் விட்டுப் போனது ஒரு அறையும் ஓட்டைத் தகரமும். குளியலறை கட்டியது யார்? கல் சுமந்தது யார்? மாடித் தளம் போட்ட அன்று சிமெண்டுச் சட்டியை நீ எடுத்துக் கொடுக்க நான் வாங்கி வாங்கிக் கொடுத்தேன், மறுநாள் இருவருக்கும் கை தூக்க முடியவில்லை, ஒருத்திக்கு ஒருத்தி சோறு ஊட்டாத குறை. இது நாம் இரண்டு பேர் வீடு. எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. நம் வீட்டை யாரோ பூட்டுவதாவது.

ஜனவரி 26, ஞாயிறு

சோலார் போடுகிறவர் வந்தார். வத்தலக்குண்டுக்காரர், பெயர் ஜெரால்டு. ஐம்பது வயது இருக்கும். ஸ்கூட்டரில் மலை ஏறி வந்ததில் காது சிவந்துபோயிருந்தது. கருப்பட்டிக் காபி கொடுத்தேன்.

மாடியைப் பார்த்துவிட்டு வந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்டி வாங்கி மாட்டுவதற்கு இத்தனை விசாரணையா?

“ஆமாம்மா. ஆளப் பார்க்காம சட்டை தைக்க முடியுமா? தண்ணி எவ்வளவு வேணும், அது எவ்வளவு சில்லுன்னு வருது, எவ்வளவு சூடு வேணும், மாடியில வெயில் எத்தனை நேரம் விழுது, இது தெரிஞ்சாத்தான் எத்தனை கண்ணாடிக் குழாய் போடணும்னு கணக்கு வரும். கொறைச்சுப் போட்டா குளிருல நீங்க என்னைத் திட்டுவீங்க. கூடப் போட்டா வெயில் காலத்துல கொதிச்சு ஆவியா வீணாப்போகும்.”

“சரி, கேளுங்க.”

“ஒரு நாளைக்கு வெந்நி எவ்வளவு செலவாகும்?”

“ஒரு தவலை தம்பி. ரெண்டு பேருக்கு. இப்ப நான் ஒருத்திதான். கைப்பக்குவமா விளாவுனா அரைத் தவலை போதும்.”

“இன்னொருத்தர்?”

“வீட்டுக்காரரோட தங்கச்சி. மார்கழியில தவறிப்போச்சு.”

வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நீ அப்படியே சரிந்ததையும், டாக்டர் மாரடைப்பு என்று சொன்னதையும் சொன்னேன். நான் ஓடிப்போய் மடியில் போட்டுக்கொண்டபோது உன் தலை ஈரமாகவே இருந்தது என்பதைச் சொல்லவில்லை. முந்தானையால் துவட்டத் துவட்ட, என் கை விறைத்துப்போனது. அதையெல்லாம் அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “அரைத் தவலைன்னு வச்சுக்குவோம். ஆனா அந்தத் தவலை எத்தனை லிட்டர்னு தெரியணும். சிமெண்டுல பதிச்சிருக்கு, பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணி பாட்டிலால அளந்து ஊத்திப் பாருங்க. விடியக்காலைல குழாத்தண்ணியில இதை விட்டும் பாருங்க” என்று ஒரு நீளக் கண்ணாடி தெர்மாமீட்டரைக் கொடுத்தார். காய்ச்சலுக்கு வைக்கிறதுபோல வாயில் வைத்துவிடாதீர்கள் என்று சொல்லிச் சிரித்தார். நல்ல மனுஷர்.

ஜனவரி 27, திங்கள்

குழாய்த் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டேன். எழுபத்தொன்று என்று தெரிந்தது. என்னடா இது, குழாயிலேயே வெந்நீர் வருகிறதா என்று கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தால் பதினொன்று.

அதைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்துக்கே விரல் மரத்துவிட்டது. உன்னைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்துவந்த குடத்துத் தண்ணீரும் இதே சில்லுதான். கொஞ்சம் வெந்நீர் விளாவட்டுமா என்று கேட்டேன். “செத்தவளுக்குச் சுடுமா, குளிருமா? தள்ளுக்கா” என்று குருவம்மா அதட்டினாள். அவள் அழுதுகொண்டேதான் அதட்டினாள்.

தவலையையும் அளந்தேன். லிட்டர் பாட்டிலால் ஊற்றினேன். இருபது.

ஜனவரி 30, வியாழன்

மாடியில் வெயில் எப்போது விழுகிறது, எப்போது போகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்காக முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வீட்டில் ஒரு வேலையும் செய்யாமல் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

காலையில் மஞ்சு மூடியிருந்தது. எதிர்மலைத் தைலமரங்களைத் தாண்டி வெயில் வர எட்டரை மணி ஆகிவிடுகிறது. முதலில் தண்ணீர்த் தொட்டி, பிறகு துணிக்கொடி, பிறகு மாடி முழுக்க. மத்தியானம் வரை நல்ல வெயில். பிறகு மறுபடியும் மஞ்சு கீழிருந்து ஏறி வருகிறது. யாரிடமாவது “அங்கே பார்” என்று சொல்லலாம்போல இருந்தது. பூனைகூட இல்லை.

இந்த வெயிலை நீ பார்த்ததேயில்லை அல்லவா? பூண்டுக் கொட்டகை வேலைக்கு ஏழு மணி பஸ். குளித்துவிட்டு வந்ததும் சமையலறை அடுப்புக்கு முன்னால் முட்டியைக் கட்டிக்கொண்டு சுருண்டு உட்காருவாய். காபித் தம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொள்வாய். உதடெல்லாம் நீலம். “சுடச்சுடக் குளிச்சிட்டு வந்தும் இப்படி ஒரு நடுக்கமாடி? சரியான குளிர்ப்பூச்சி” என்றேன் ஒருநாள். நீ நடுங்கிக்கொண்டே சிரித்தாய். அன்றிலிருந்து நீ பூச்சிதான். வெள்ளத்தாயி என்ற பெயர் ரேஷன் கார்டோடு சரி.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஜெரால்டு வந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பதினொன்று, இருபது லிட்டர், எட்டரை மணி. குளியலறைச் சுவரிலேயே ஒரு கரித்துண்டால் கணக்குப் போட்டார். குருவம்மாவும் வேடிக்கை பார்க்க வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

போட்டார், அழித்தார், மறுபடியும் போட்டார். “ஒத்து வரலையேம்மா” என்றார்.

“என்ன ஒத்து வரல?”

“இந்த உசரத்துல தண்ணி எவ்வளவுதான் கொதிச்சாலும் ஒரு சூட்டுக்கு மேல ஏறாது. சரி, நல்லாவே கொதிக்குதுன்னு வச்சுக்குவோம். இருபது லிட்டர். அதுல இந்தச் சில்லுத் தண்ணியக் கலந்து, மேல ஊத்துற சூட்டுக்குக் கொண்டுவந்தா மூணு வாளி வரும். அதுக்கு மேல ஒரு வாளி கலந்தாலும் குளிர ஆரம்பிச்சிரும்.”

“ஆமா, எனக்கு மூணு வாளி. மூட்டுவலிக்கு டாக்டர் சொன்னாரு.”

“அவங்களுக்கு?”

“அவ எனக்கப்பறம் குளிப்பா.”

“அதான் எந்தத் தண்ணியிலன்னு கேக்கறேன். ஆளுக்கு ஒண்ணரை வாளியா?”

“இல்ல தம்பி, எனக்கு மூணு. தினமும் மூணு. எனக்கு இருக்கு மதினின்னுதான் அவ சொல்லுவா.”

குருவம்மா குறுக்கே விழுந்தாள். “அவ குளிக்கிறது மூணு வீட்டுக்குக் கேக்குமே! மொதச் செம்புக்கு ‘முருகா!’ன்னு ஒரு கத்து. ரெண்டாஞ் செம்புக்கு ‘எப்பா முருகா!’ எங்க வீட்டு மனுசன் அந்தச் சத்தத்துலதான் தெனமும் முழிப்பாரு. இப்ப எந்திரிக்கிறதே இல்ல. பக்தின்னா அது பக்தி.”

ஜெரால்டு சிரிக்கவில்லை. குருவம்மாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சுவரில் எழுதியதை உள்ளங்கையால் தேய்த்து அழித்தார்.

“நாந்தாம்மா எங்கயோ தப்புப் போட்டிருப்பேன். உங்க மூணு வாளிக்கே கணக்குப் பண்ணிக்கறேன். யோசிச்சுப் போன் பண்ணுங்க” என்றார். காபியைக் குடிக்காமலேயே வண்டியை எடுத்தார்.

கணக்குத் தப்பாகத்தான் இருக்க வேண்டும். கரியால் சுவரில் போட்ட கணக்கு. தொழில்காரர் என்றால் தப்பே வராதா?

பிப்ரவரி 3, திங்கள்

எனக்குப் புரிந்துவிட்டது. நான் குளித்து முடித்ததும் நீ தவலையில் மறுபடியும் தண்ணீர் ஊற்றிக் காயவைத்திருப்பாய். அது ஜெரால்டுக்கு எப்படித் தெரியும்? நானும் சொல்லவில்லை. நாளைக்குச் செய்து பார்க்கப்போகிறேன். பிறகு போன் பண்ணி அவரிடம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

உன்னைப்போலவே நாலரைக்கு எழுந்து பற்றவைத்தேன். மூன்று வாளி விளாவி, குளித்து, சேலை மாற்றி, மறுபடியும் தவலையை நிரப்பினேன். மிச்சமிருந்த விறகையெல்லாம் உள்ளே தள்ளினேன். வாயால் ஊதினேன். அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

வளைவில் ஏழு மணி பஸ் ஹாரன் அடித்தபோது கையை விட்டுப் பார்த்தேன். சில்லிப்பு அடங்கியிருந்தது, அவ்வளவுதான்.

நீயோ நான் காபி கலந்து முடிப்பதற்குள் குளித்து வெளியே வந்துவிடுவாய். “காக்காய்க் குளியல்” என்று உன்னைக் கேலி செய்வேன்.

பிப்ரவரி 5, புதன்

இன்று குளிக்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

நீ இந்த வீட்டுக்கு வந்த நாளை நினைத்துக்கொண்டே இருந்தேன். கையில் ஒரு ஒயர் கூடை. உன் புருஷன் வேறு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் வைத்துவிட்டான் என்று உன் அண்ணன்தான் அழைத்துவந்தார். எல்லாரும் உன்னைச் சுற்றி நின்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நீ ஒன்றுமே பேசவில்லை. மறுநாள் காலையில்தான் முதல் வார்த்தை பேசினாய்.

“மதினி, நான் குளிக்கலாமா?”

என்ன கேள்வி இது என்றுகூட நான் நினைக்கவில்லை. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. “நான் குளிச்சிட்டு வந்துர்றேன், அதுக்கப்பறம் நீ குளி” என்றேன்.

அதில் என்ன இருக்கிறது? வீட்டில் யாரும் யாரிடமும் சொல்வதுதான். அன்றைக்கு எனக்கு அவசரம். அன்றைக்கு மட்டும் சொன்னது.

பிறகு உன் அண்ணன் செத்தார். சுகந்தி கல்யாணம் ஆகிப் போனாள். நாம் இரண்டு பேர் ஆனோம். ஒரே தட்டில்கூடச் சாப்பிட்டிருக்கிறோம். என் சேலையை நீ கட்டுவாய், உன் செருப்பை நான் போடுவேன். ஆனால் ஒரு நாள்கூட நீ எனக்கு முன்னால் குளித்ததில்லை. நானும் அதைக் கவனித்ததில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று காலையில் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. குழாயைத் திறந்து வாளியை நிரப்பினேன். மூட்டைப் பிடித்துக்கொள்ளும் என்று தெரியும். பிடித்துக்கொள்ளட்டும். கதவைத் தாழ் போட்டேன்.

முதல் செம்பைத் தோளில் ஊற்றியதும், “முருகா!” என்றேன்.

நான் சொல்லவில்லை பூச்சி. தானாக வாயிலிருந்து வந்தது. மூச்சு நெஞ்சிலேயே நின்று, அது வெளியே வரும்போது அந்தப் பேரோடுதான் வந்தது. சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது. என் குரல் மாதிரி இல்லை. உன் குரல் மாதிரி இருந்தது.

இரண்டாவது செம்பு ஊற்றினேன். பிறகு முடியவில்லை.

சமையலறை அடுப்புக்கு முன்னால் வந்து உட்கார்ந்தேன். முட்டியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கவேயில்லை. பார்த்தால் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

குருவம்மா வந்து கதவைத் தட்டினாள். “யக்கா... உள்ள யாரு?” என்றாள். அவள் குரல் ஒருமாதிரி இருந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய். பூசம்

மாசி பிறக்கப்போகிறது. ஜெரால்டுக்கு நானே போன் பண்ணினேன்.

“கணக்குப் பண்ணிட்டேம்மா” என்றார். “உங்க ஒருத்தருக்குப் பத்துக் குழாய் போதும்.”

“தம்பி, நீங்க போட்ட கணக்கு தப்பில்ல.”

அவர் கேட்குமுன் நானே சொன்னேன்.

“எனக்கு மூணு வாளி. எனக்கப்பறம் குளிக்கிற ஆளுக்கு மூணு வாளி. அப்பிடிப் போடுங்க.”

“யாரும்மா அது?”

“யாராவது. சுகந்தி வந்தா சுகந்தி. இல்லேன்னா வேற யாரோ. ரெண்டாவது ஆளுக்கும் அதே சூடு வரணும்.”

“மஞ்சு மூடுற நாள்லயும் வரணும்னா பதினஞ்சு போடணும். வெயில் நாள்ல தண்ணி கூடுதலா இருக்கும், சொல்லிட்டேன்.”

“இருக்கட்டும்.”

சுகந்திக்கு இது பொறுக்கவில்லை. “ஒத்த ஆளுக்கு எதுக்கும்மா அம்புட்டுப் பெருசு? உன் வீட்டுல யாரு வந்து குளிக்கப்போறா? வீணாத்தான் போகும்.”

“வீணாப் போகட்டும்டி.”

“அப்ப நீ இங்க வரப்போறதில்ல.”

“வரல.”

அவள் போனை வைத்த பிறகு யோசித்தேன். இது நம் இரண்டு பேர் வீடு, அதனால் நான் வரமாட்டேன் என்று அவளிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தேன். இன்று அந்த வார்த்தை வாய்க்கு வரவில்லை. “வரல” என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மாட்டிவிட்டார்கள். கறுப்புக் கண்ணாடிக் குழாய்கள், பதினைந்து, சீப்புப்போல வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன. மேலே ஒரு தொட்டி. குரங்கு உட்கார்ந்து உடைத்துவிடாமலிருக்க வலை கட்டியிருக்கிறார் ஜெரால்டு. முதல் நாளே ஒரு குரங்கு வந்து வலையைப் பிடித்துக்கொண்டு தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் போனது.

செம்புத் தவலையை என்ன செய்ய என்று கேட்டார். பெயர்த்து எடுத்துத் தருகிறேன், இடம் அகலமாகும் என்றார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

மார்ச் 2, ஞாயிறு

குருவம்மா காலையில் துண்டும் சோப்புமாக வந்து நின்றாள். “ஊரே பேசுதே, ஒன் சோலார்க் குளியல் எப்பிடித்தான் இருக்குன்னு பாக்குறேன்.”

குழாயைத் திறந்து காட்டினேன். கையை நீட்டியவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். “ஆத்தி! தோலப் பொசுக்கிரும்போல!”

மூன்று வாளி விளாவி வைத்தேன். முழங்கையை விட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. “போ, ஆறிரும்” என்றேன்.

“நீ மொதல்ல குளிச்சிட்டு வாக்கா. ஒன் வீட்டுத் தண்ணி. நான் அதுக்கப்பறம் குளிக்கிறேன். எனக்கு இருக்கும்ல?”

“நீ மொதல்ல போடி!”

கத்திவிட்டேன். முற்றத்துக் கோழியெல்லாம் சிதறி ஓடின. குருவம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

நான் கதவுக்கு வெளியே நின்றேன். காது கொடுத்துக் கேட்டேன். செம்பு வாளியில் மோதும் சத்தம். தண்ணீர் விழும் சத்தம். மறுபடியும் தண்ணீர். முருகன் இல்லை. எந்தச் சாமியும் இல்லை. வெந்நீரில் குளிக்கிறவள் ஒரு சத்தமும் போடமாட்டாள் பூச்சி. எனக்கு இப்போதுதான் தெரிகிறது. நான் குளிக்கும்போது நீயும் இந்தக் கதவுக்கு வெளியேதானே நின்றிருப்பாய், உனக்கு இது எப்போதோ தெரிந்திருக்கும்.

வெகு நேரம் குளித்தாள். வெளியே வந்தபோது முகமெல்லாம் சிவந்து, தலையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. “சொர்க்கம்க்கா” என்றாள். அடுப்படிப் பக்கம் போகவில்லை. முற்றத்தில் நின்று சாவதானமாகத் தலையைத் துவட்டினாள். அதற்குள் வெயில் வந்துவிட்டது.

பிறகு நான் மூன்று வாளி குளித்தேன். அப்புறமும் குழாயைத் திறந்து பார்த்தேன். சுடச்சுட வந்தது. மூடிவிட்டேன்.

ஒன் வீட்டுத் தண்ணி என்றாள் குருவம்மா. அவள் பக்கத்து வீட்டுக்காரி, அவள் அப்படிச் சொல்லலாம்.

பூச்சி, இருபத்திரண்டு வருஷமாக நீ இதை யார் வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தாய்?